ஐரிஷ் பிடில்: புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில சாதகப் பயிற்சிகள்

அயர்லாந்தின் நடன மெட்டுகளை யாராவது பிடிலில் வாசிக்கக் கேட்டால் கண் முதலில் இடது கைக்குத்தான் போகும். விரல்கள் அப்படி ஓடும். ஆனால் அந்த விரல்களுக்கு உண்மையில் வேலை குறைவு. பெரும்பாலான மெட்டுகள் முதல் பொசிஷனிலேயே, அதாவது கை மேலும் கீழும் நகராமலேயே முடிந்துவிடும். மெட்டும் சின்னதுதான். எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) கொண்ட முதல் பகுதி இரண்டு தடவை, எட்டு பார் கொண்ட அடுத்த பகுதி இரண்டு தடவை, ஆக மொத்தம் 32 பார். சுரங்களை மட்டும் பார்த்தால் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம்.

மனப்பாடம் செய்து வாசித்துப் பாருங்கள். சுரம் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் கேட்கிற ஒருவருக்கும் கால் ஆடாது. குறை வில்லில் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் வலது கையைப் பற்றித்தான் இருக்கும். கர்நாடக வயலின் கொஞ்சமாவது வாசித்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வயலினையே இப்போதுதான் முதன்முதலாகத் தொடுகிறீர்கள் என்றால், வில் பிடிப்பதையும் சுருதி சேர்ப்பதையும் மட்டும் ஒரு ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த இரண்டையும் எழுத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

சுருதியும் பிடியும்

கர்நாடக முறையில் நான்கு கம்பிகளையும் ஸ-ப-ஸ-ப என்று சேர்ப்போம். இங்கே கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, ஈ. கட்டைக் கணக்கில் 5, 2, 6, 3. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் ‘ப’தான் அடுத்த கம்பி. இந்த ஒரு மாற்றத்தாலேயே கர்நாடக வயலின் வாசித்த கைக்கு முதல் சில வாரம் தடுமாற்றம் இருக்கும். நடுவிலுள்ள இரண்டு கம்பிகளுக்கு இடையே தாண்டும்போது விரல் பழைய இடத்தைத் தேடும். அதை எதிர்த்துப் போராட வேண்டாம், தினமும் வாசித்தால் தானாகப் போய்விடும்.

கர்நாடக சுருதிக்குப் பூட்டியிருந்த பழைய கம்பிகளை அப்படியே முறுக்கி ஈ வரை ஏற்றாதீர்கள். பட்டென்று அறுந்து கன்னத்தில் அடிக்கும். சாதாரண மேற்கத்திய ஸ்டீல் கம்பி செட் ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

உட்கார்ந்து கணுக்காலில் பிடிலைச் சாய்த்துப் பழகியவர்கள் நாற்காலிக்கு மாற வேண்டும். பழைய கிராமத்துப் பிடில்காரர்கள் சிலர் பிடிலை நெஞ்சில் சாய்த்து, வில்லையும் அடிப்பகுதியிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடித்து வாசித்திருக்கிறார்கள். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், தொடக்கத்தில் அதைப் பின்பற்ற வேண்டாம். தாடைக்குக் கீழே, ஷோல்டர் ரெஸ்ட் வைத்து ஆரம்பியுங்கள். பிடிலைத் தாங்கும் பொறுப்பு இடது கைக்கு இருந்தால் பின்னால் சொல்லப்போகும் நகாசுகள், அதாவது சுரத்தை அலங்கரிக்கும் சின்ன வேலைப்பாடுகள், எதுவும் வராது.

முதல் வாரம்: வில் மட்டும்

தம்புரா செயலியை 2 கட்டையில் ஓட விடுங்கள். இடது கை விரல்களை வைக்க வேண்டாம். டி கம்பியில் வில்லின் நடுப்பகுதிக்கு சற்று மேலே, ஒரு சாண் நீளம் மட்டும் இழுங்கள். கீழே இழுப்பதை டவுன் என்றும் மேலே தள்ளுவதை அப் என்றும் சொல்கிறேன். முழு வில்லையும் இழுத்து நாதம் வளர்ப்பது கர்நாடகப் பயிற்சியில் நல்ல பழக்கம். நடன மெட்டில் அதற்கு நேரமே கிடைக்காது. வில் எல்லை தாண்டி ஓடுகிறதா என்று பார்க்க, வில் குச்சியில் இரண்டு இடத்தில் சிறிய காகித நாடா ஒட்டிக்கொள்ளலாம். டவுனும் அப்பும் ஒரே சத்தத்தில், ஒரே நீளத்தில் வரும்வரை இதுதான் பயிற்சி. அலுப்பாக இருக்கும், சரி. நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது கம்பி மாற்றம். டி, ஏ, டி, ஏ என்று மாற்றி மாற்றி இழுங்கள். மெதுவாக வாசிக்கும்போது முழங்கை ஏறி இறங்கும், வேகம் கூடக் கூட அந்த வேலையை மணிக்கட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு டி-ஏ-ஏ, டி-ஏ-ஏ. கண்ணாடி முன் நின்று செய்தால் தோள் தூக்கிக்கொள்வது தெரிந்துவிடும்.

தகிட, தகதிமி

ஐரிஷ் நடன மெட்டுகளில் பல வகை உண்டு, அவற்றின் தாளத்தைப் பிடிக்க நம் ஊர்ச் சொற்கட்டுகள் அப்படியே உதவும். ஜிக் என்பது 6/8, அதாவது தகிட தகிட. ஸ்லிப் ஜிக் 9/8, தகிட மூன்று தடவை. ரீல் என்பது தகதிமி தகதிமி என்று எட்டாக ஓடும், பாருக்கு இரண்டு அடி. ஹார்ன்பைப் அதே எட்டுதான், ஆனால் நெடில்-குறில், நெடில்-குறில் என்று ஊஞ்சலாடும். போல்கா 2/4, குட்டையானது, துள்ளலானது.

முதலில் ஜிக். ஏ கம்பியை விரல் வைக்காமல், ஒரு சுரத்துக்கு ஒரு வில் என்று வாசியுங்கள். முதல் தகிட டவுன்-அப்-டவுன். இரண்டாவது தகிட அப்-டவுன்-அப். இங்கேதான் சிக்கல். இரண்டாவது ‘த’ அப் வில்லில் விழுகிறது, அப் இயல்பாகவே பலவீனமானது. அதனால் முதல் தகிட தடித்தும் இரண்டாவது மெலிந்தும் கேட்கும். இரண்டு ‘த’வும் ஒரே கனத்தில் கேட்கும்வரை விடாதீர்கள். வாயால் சொல்லிக்கொண்டே வாசிப்பது நல்லது. அது வந்த பிறகு இன்னொரு விஷயம்: மூன்று எழுத்தும் சமமல்ல. ‘த’ ஒரு மயிரிழை நீளும், ‘கி’ அந்த அளவு குறையும். எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் மாறும், ஆளுக்கு ஆள் மாறும். நல்ல வாசிப்பை நிறையக் கேட்டால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் வில்லைச் சேர்க்கலாம். ஜிக்கின் ஆறு சுரங்களில் மூன்றையும் நான்கையும் ஒரே வில்லில் சேருங்கள். ஆறையும் அடுத்த பாரின் ஒன்றையும் ஒரே வில்லில் சேருங்கள். டவுனில் தொடங்கினால் கணக்கு இப்படி வரும்: ஒன்று டவுன், இரண்டு அப், மூன்று-நான்கு டவுன், ஐந்து அப், ஆறு-ஒன்று டவுன், இரண்டு அப். கவனித்தீர்களா, எல்லா ‘த’வும் டவுன் வில்லுக்குள் வந்துவிட்டது. ஆனால் வில் திரும்பும் இடம் ‘த’ இல்லை, அதற்கு ஒரு சுரம் முன்பே திரும்பிவிடுகிறது. தாளத்தின் அடி வில்லின் நடுவில் விழுகிறது.

ரீலிலும் இதே தந்திரம். எட்டு சுரங்களை முதலில் தனித்தனியாக வாசியுங்கள். பிறகு ஒன்று-இரண்டு, மூன்று-நான்கு என்று ஜோடி சேருங்கள். கேட்டால் ஜண்ட வரிசை மாதிரி கட்டையாக இருக்கும். இப்போது ஜோடியை ஒரு சுரம் தள்ளிப் போடுங்கள்: ஒன்று தனியாக டவுன், இரண்டு-மூன்று அப், நான்கு-ஐந்து டவுன், ஆறு-ஏழு அப், எட்டு-ஒன்று டவுன். அடுத்த பாரில் இரண்டு-மூன்று மறுபடி அப். பாரின் இரண்டு அடிகளான ஒன்றும் ஐந்தும் எப்போதும் டவுன் வில்லின் பின்பாதியில் வரும். அந்த இடத்தில் சுட்டுவிரலால் வில்லை மிக லேசாக அழுத்துங்கள். வில் நிற்கவும் கூடாது, திரும்பவும் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறிய அழுத்தம். அந்த அழுத்தம் வந்த நாளில் உங்கள் வாசிப்பு ரீல் மாதிரி ஒலிக்கத் தொடங்கும். நான் ஒரே ஒரு பயிற்சியைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இந்த அமைப்பு ஒரு விதி இல்லை. அனுபவமுள்ள பிடில்காரர் ஒரே மெட்டை மூன்று தடவை வாசித்தால் மூன்று தடவையும் வில் சேர்ப்பு மாறும். ஆனால் மாற்றுவதற்கு முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

விரல்கள்

டி கம்பியில் தொடங்கும் மேஜர் ஸ்கேல் நமக்குத் தெரிந்த சங்கராபரணம்தான். டி கம்பியில் வெறும் கம்பி, ஒன்று, இரண்டு, மூன்று. ஏ கம்பியிலும் அதே. இரண்டாம் விரல் மூன்றாம் விரலை ஒட்டி உட்காரும். ஜி-யில் தொடங்கும் சங்கராபரணத்துக்கு, ஏ கம்பியில் இரண்டாம் விரல் பின்னால் வந்து முதல் விரலை ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு அமைப்பும் கைக்கு வந்துவிட்டால் ஏராளமான மெட்டுகளை வாசிக்கலாம்.

மேற்கத்திய ஆசிரியர்கள் டோரியன், மிக்ஸோலிடியன் என்று சொல்லி மாணவர்களைப் பயமுறுத்தும் இடத்தை நீங்கள் கிரகபேதமாகப் பார்த்தால் சுலபம். டி சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஆதார ஷட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா. அதுதான் ஈ டோரியன். பஞ்சமத்தை வைத்தால் அரிகாம்போதி, அதுதான் ஏ மிக்ஸோலிடியன். தைவதத்தை வைத்தால் நடபைரவி, பி மைனர். விரல் இடம் எதுவும் மாறவில்லை, நிற்கும் சுரம் மட்டும் மாறுகிறது. தம்புராவை அந்தந்தச் சுரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு ஒரே ஸ்கேலை நான்கு விதமாக வாசித்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஸ்கேலை நேராக ஏறி இறங்குவதைவிட ஸரிக, ரிகம, கமப என்று மூன்று மூன்றாக ஜிக் நடையிலும், ஸரிகம, ரிகமப என்று நான்கு நான்காக ரீல் நடையிலும் வாசிப்பது மேல். மேலே சொன்ன வில் சேர்ப்புகளோடு, நிச்சயமாக.

கர்நாடகப் பழக்கத்தில் ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டும். கமகம். காந்தாரத்தைக் கண்டால் விரல் தானாக அசையும். நடன மெட்டில் விரல் சுரத்தின் மேல் நேராக விழுந்து நேராக எழ வேண்டும். மேற்கத்திய கச்சேரிப் பாணி வைப்ரேட்டோவும் வேண்டாம். ஸ்லோ ஏர் என்று சொல்லும் விளம்ப மெட்டுகளில் வழுக்கலுக்கு இடம் உண்டு, அங்கே உங்கள் காதுக்கு வேலை கிடைக்கும். டி-யை ஆதாரமாகக் கொண்ட மெட்டுகளில் வரும் ‘சி’ சுரத்தைப் பழைய வாசிப்பாளர்கள் சிலர் நேச்சுரலுக்கும் ஷார்ப்புக்கும் நடுவில் எங்கேயோ வைப்பார்கள். பியானோ காது அதைத் தப்பு என்று சொல்லும். சுருதி நுட்பம் பழகிய நம் காது சொல்லாது.

முதல் மெட்டு

புத்தகத்தைப் பார்த்துக் கற்காதீர்கள். இது காதால் வந்த சங்கீதம். மெட்டுகளை ஏ, பி, சி எழுத்துகளாலேயே குறித்து வைக்கும் ஒரு முறை உண்டு, நம் சுரக் குறிப்பு மாதிரி வசதியானது. ஆனால் அது மறந்துபோனால் பார்க்க மட்டும்.

ஒரு மெட்டை எடுத்து ஒரு வாரம் வெறுமனே கேளுங்கள். சமைக்கும்போது, பேருந்தில், எங்கே வேண்டுமானாலும். வாய்விட்டு முணுமுணுக்க வராத மெட்டைக் கையில் எடுக்கக் கூடாது. பிறகு யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கி, இரண்டிரண்டு பாராகப் பிடியுங்கள். முதல் பகுதி முழுவதும் வந்த பிறகே இரண்டாம் பகுதி.

தொடக்கத்துக்கு ஒரு போல்கா நல்லது, அடுத்து ஒரு ஜிக், பிறகே ரீல். ஜிக்கில் ‘தி கெஷ்’ பலரும் முதலில் கற்பது. ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் தொடக்கம் இப்படி: ஸ , , ஸ ரி க | ரி , , ரி க ப. மோகனம் தெரிந்தவர்களுக்கு வாய் தானாகத் தொடரும். நீண்டு நிற்கும் அந்த ‘ஸ’வையும் ‘ரி’யையும் நினைவில் வையுங்கள், நகாசு பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

நோட்டுசுவரம் பாடமாகியிருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சாகித்தியம் எழுதியதுதானே அவை. ‘வந்தே மீனாக்ஷி’க்கு ‘லிமரிக்’ என்ற ஐரிஷ் மெட்டுதான் அடிப்படை. தெரிந்த பாட்டாக இருப்பதால் சுரத்தை மறந்துவிட்டு வில்லில் மட்டும் கவனம் வைக்க முடியும்.

நகாசு

இதை மூன்றாவது மாதத்துக்கு முன் தொடாமல் இருந்தால் நல்லது. இணையத்தில் எல்லோரும் ரோல் என்ற நகாசைச் சொல்லித்தருகிறார்கள், ஆளைக் கவர்வது அதுதான் என்பதால். நடை இல்லாத வாசிப்பில் ரோல் போட்டால் பழுதான சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

முதலில் கட். ஏ கம்பியில் முதல் விரல் வைத்தால் பி. ஒரே வில்லில் பி-யை நீட்டிக்கொண்டு, மூன்றாம் விரலால் கம்பியை ஒரு சொடுக்குச் சொடுக்குங்கள். அழுத்தவே கூடாது. மேல் சுரம் ஒன்று கேட்டால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். பி இரண்டாக வெட்டுப்பட்ட மாதிரி ஒரு ‘டிக்’ மட்டும் கேட்க வேண்டும்.

ரோல் என்பது கட்டும், அதைத் தொடர்ந்து கீழே ஒரு தட்டும். பி, கட், பி, முதல் விரலை இமைப்பொழுது தூக்கி ஏ, மறுபடி பி. எல்லாம் ஒரே வில்லில். லாங் ரோலுக்கு முழு ஒரு தகிட நேரம்: ‘த’வில் வெறும் பி, ‘கி’யில் கட்டோடு பி, ‘ட’வில் தட்டோடு பி. ஐந்தையும் சமமாகப் பிரித்து அவசரப்படுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. முதல் பி-க்கு அதன் நேரத்தை முழுசாகக் கொடுங்கள், மற்றவை தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ட்ரெபிள், மூன்று குட்டி வில். டவுன்-அப்-டவுன் என்று ஒரு விரற்கடை நீளத்தில், சட்டென்று. சுரம் சுத்தமாகக் கேட்க வேண்டிய அவசியமில்லை, கொஞ்சம் பிறாண்டினாலும் பரவாயில்லை. அதன் வேலை மிருதங்கத்தின் வேலை. ஏ கம்பியில் ஒரு நீண்ட சுரம், ஒரு ட்ரெபிள் என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். கட்டைவிரல் இறுகினால் வராது.

இப்போது ‘தி கெஷ்’. நீண்ட ‘ஸ’ டி கம்பியில் மூன்றாம் விரல், அங்கே ரோல் போடலாம். நான்காம் விரலால்தான் கட் என்பதால் கொஞ்சம் கஷ்டம். அடுத்த பாரின் ‘ரி’ வெறும் ஏ கம்பி. கீழே தட்ட விரலே இல்லாததால் ரோல் வராது, அங்கே ட்ரெபிள். எந்த நகாசு எங்கே என்பது பெரும்பாலும் இப்படி விரல் இடத்தைப் பொறுத்தே முடிவாகிறது. ஒரு மெட்டில் இரண்டு இடத்துக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம்.

வேகமும் நேரமும்

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வையுங்கள், ஜிக்கில் ஒரு தகிடவுக்கு ஒரு தட்டு, ரீலில் ஒரு தகதிமிக்கு ஒரு தட்டு. ஒரு மெட்டைத் தடுக்காமல் மூன்று சுற்று வாசிக்க முடிந்தால் நான்கு ஏற்றுங்கள். அனுபவமுள்ளவர்கள் சேர்ந்து வாசிக்கும்போது 100-ஐத் தாண்டும், ஆனால் 80-ல் நடை பிசகாமல் வாசிப்பவரைக் கேட்க யாரும் சலிக்க மாட்டார்கள். கொஞ்ச நாளுக்குப் பிறகு மெட்ரோனோமை நிறுத்திவிட்டுக் காலால் தட்டப் பழகுங்கள்.

தினமும் அரை மணி நேரம் போதும். முதல் ஐந்து நிமிடம் வெறும் கம்பி, பத்து நிமிடம் வில் சேர்ப்பு, பத்து நிமிடம் புது மெட்டு, மிச்சம் பழைய மெட்டு. வாரத்தில் ஒரு நாள் கைபேசியில் பதிவு செய்து, அடுத்த நாள் கேளுங்கள். வாசித்த உடனே கேட்டால் காது சமாதானம் சொல்லும்.

யாரைக் கேட்பது

அயர்லாந்து சின்ன நாடுதான், ஆனால் பாணிகள் பல. ஸ்லைகோ கவுண்டியின் மைக்கேல் கோல்மன் (1891–1945) நியூயார்க்கில் குடியேறி 1920-களில் வெளியிட்ட இசைத்தட்டுகள் அயர்லாந்துக்கே திரும்பி வந்து, நாட்டின் மற்றப் பகுதிகளின் வாசிப்பையும் மாற்றின. வில் சேர்ப்பும் ரோலும் கேட்க அவர்தான். வடக்கே டோனிகால் பாணியில் ஒரு சுரத்துக்கு ஒரு வில், ட்ரெபிள் மழை. ஜான் டோஹர்ட்டியைத் தேடுங்கள். கார்க்-கெரி எல்லையில் ஸ்லீவ் லுவாக்ரா பகுதி போல்காவுக்கும் ஸ்லைடு என்ற இன்னொரு நடன மெட்டு வகைக்கும் பெயர்போனது. அங்கே பாட்ரிக் ஓகீஃப் (1887–1963) வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு கம்பிக்கும் கோடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி, விரலுக்கு ஓர் எண் என்று தானே ஒரு குறிப்பு முறை வைத்திருந்தார். மெதுவாகக் கேட்க விரும்பினால் கிழக்குக் கிளேரின் மார்ட்டின் ஹேய்ஸ். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவரைத்தான். சுரங்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று கேட்க நேரம் கிடைக்கும்.

ஒரே நேரத்தில் நான்கு பாணியையும் கலக்காதீர்கள். ஒரு வருடம் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செஷன்

ஐரிஷ் இசைக்காரர்கள் பப்பில் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பதைச் செஷன் என்பார்கள். டப்ளினில் ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் இதற்குப் பிரபலம். கிளேர் கவுண்டியின் மில்டவுன் மால்பேயில் 1973 முதல் ஜூலையில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளியில் வகுப்பும் உண்டு, ஊர் முழுக்கச் செஷனும் உண்டு. லண்டனிலோ டொரன்டோவிலோ இருப்பவர்களுக்கும் பக்கத்தில் ஒன்று கிடைக்கும்.

முதல் தடவை போனால் கேட்கவே போங்கள். பிடிலைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் அங்கே வழக்கமாக உட்காருபவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். தெரியாத மெட்டில் கூடவே தடவிக்கொண்டிருப்பது மரியாதையில்லை, வில்லை மடியில் வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்த மெட்டுக்குப் பின்னால் அவர்கள் வழக்கமாக எதை வாசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்துக் கற்க வேண்டியது அந்த மெட்டுதான். ‘நீ ஒன்று ஆரம்பி’ என்று யாராவது சொன்னால், உங்களுக்குத் தெரிந்ததிலேயே எளிய போல்காவை, வீட்டில் வாசிப்பதைவிடக் கொஞ்சம் மெதுவாக ஆரம்பியுங்கள். பதற்றத்தில் அது தானாக வேகமாகிவிடும்.